காலியான நாற்காலி

பதினோரு வருடம் மருத்துவமனையின் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கிழித்தவன், டயர் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து ஆறு பேரோடு கம்பெனி தொடங்கினான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் முறை பதிவு செய்யும் செயலி ஒன்றுதான் அவர்களுடைய சரக்கு. வாரம் மூன்று நாள் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அவனுடைய அக்காவும் அதில்தான் பதிவு செய்தாள்.

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் ரப்பர். யார் எந்தத் திரையை வரைந்து கொண்டுவந்தாலும் எதையாவது அழித்துவிட்டுத்தான் பேசுவான். நல்ல வடிவமைப்பு என்றால் ஆள் யோசிக்கவே கூடாது என்பான். முறை ஓர் அட்டையாகத் திரையில் வரும். வர முடியாதவர் அதை விரலால் ஓரமாகத் தள்ளினால் போதும். இடம், காத்திருப்பவருக்குப் போய்விடும்.

"சார், 'நிச்சயமா வேண்டாமா'ன்னு ஒரு தடவை கேட்டுடலாமே," என்றாள் செயலியைச் சோதித்துப் பார்க்கும் பெண்.

"கதவத் திறக்கிறவன்கிட்ட 'நெஜமாவே போறியா'ன்னு கேப்பியாம்மா?"

"திரும்பி வர முடியாத கதவா இருந்தா கேப்பேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அந்தக் கேள்வியை அழித்தான்.

போன மாதம் நாற்பத்தோரு பேர் இடத்தை விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாற்காலிகூடச் சும்மா கிடப்பதில்லை என்று மருத்துவமனை மேலாளர் கைகுலுக்கினார். அந்த எண்ணிக்கையை அவன் அலுவலகச் சுவரில் பெரிதாக ஒட்டிவைத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவின் கணவர் போன் செய்தார். "அக்காவுக்கு மூச்சு வாங்குது மாப்ள. அவசரப் பிரிவுல இருக்கோம்."

போய்ப் பார்த்தபோது அக்காவின் முகம் உப்பியிருந்தது.

"நேத்து நீ போகலையா?"

"போனேன். என் நாற்காலியில வேற ஒருத்தி படுத்திருந்தா. நான் விட்டுக்கொடுத்துட்டேனாம். எதையோ தப்பா தட்டிட்டேன் போல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு இருக்கிற வேலையில என் மக்குத்தனம் வேறயா?"

என்ன செய்தாய், காட்டு என்று அவள் போனை எடுத்துக் கொடுத்தான். மரத்துப்போன விரலால் அவள் ஏதோ ஒரு செய்தியை ஓரமாகத் தள்ளினாள். "இப்படித்தான். எது வந்தாலும் படிச்சிட்டுத் தள்ளிடுவேன். எல்லாரும் அப்படித்தானடா?"

அவனுக்கு அந்த நாற்பத்தோரு பேர் ஞாபகம் வந்தது.

"பத்து மெஷினும் ஓடுது," என்றார் டாக்டர். "வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போனா வழியிலயே ஏதாவது ஆயிடும். காத்திருக்கிறவங்கள்ல இவங்கள முதல்ல போட்டிருக்கேன். ரொம்ப நேரம் தாங்காது."

மூன்று நாற்பதுக்கு நர்ஸ் வந்தாள். "நாலு மணி இடம் ஒண்ணு காலி. இப்பதான் ஒருத்தர் விட்டுக்கொடுத்தாரு."

அக்காவின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ செஞ்சதுதான் மாப்ள காப்பாத்துச்சு."

விட்டுக்கொடுத்தவரின் விவரம் அவனுடைய போனில் இருந்தது. எழுபத்திரண்டு வயது. தனியாக வருபவர். மூன்று வருடத்தில் ஒரு முறைகூடத் தவறாதவர். கீழே எண். வேண்டுமென்றேதான் தள்ளினாரா என்று கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

போனைச் சட்டைப்பையில் போட்டான். அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கால்களைத் தூக்கி மிதியில் வைத்தான்.

மேல் மாடியில் டயாலிசிஸ் அறை வாசல் பெஞ்சில், போர்வையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நாலு மணிக்குத்தான். நீங்க முன்னால போங்க," என்று சக்கரம் போக வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்.