எங்கள் வேலியைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர்

என் கொள்ளுத்தாத்தா மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். வீட்டில் அதைப் 'பண்ணையாள்' என்று நாகரிகமாகச் சொல்வார்கள். அப்பன் செத்தால் மகன் அதே காட்டில் ஏர் பிடிக்க வேண்டும். தப்பி ஓடிய ஒருவரைப் பிடித்து வந்து புளியமரத்தில் கட்டி அடித்ததைப் பெரியப்பா இன்றும் கல்யாண வீடுகளில் வீரக்கதையாகச் சொல்கிறார்.

போன ஐப்பசி மழையில் அந்தப் பண்ணையாட்களின் வாரிசு ஒருவர் இறந்தார். இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போகும் படம் என் போனுக்கு வந்தது. படத்தின் ஓரத்தில் தெரிந்த கம்பிவேலி எங்களுடையது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

திருநகரில் காலை 6.10க்கு பஸ் ஏறி, திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் மாறி, எழுமலையில் இறங்கியபோது மணி 9.05. டீ, வடையோடு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, 180 ரூபாய். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை.

"காலனிக்குப் போங்கண்ணே" என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை அளந்தார்.

"அங்க என்னண்ணே சோலி? ஆதார் கேம்பா, லோனா?"

"ஒருத்தரைப் பாக்கணும்."

"அப்ப ஊருக்குள்ள எறங்கிட்டு ஆள் விட்டுக் கூப்புடுங்க, வந்துருவாக. நாமளா போயிப் பாக்குறது?"

அந்த 'நாம'வில் என்னையும் சேர்த்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தே சாதியைக் கண்டுபிடித்துவிட்ட தெம்பு.

இறந்தவரின் மனைவி பாண்டியம்மாள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதும் சிரித்தார்.

"துட்டிக்கா, எழவு கேக்கவா வந்தீக? உங்க வீட்டாளுக துட்டிக்குன்னு இந்தப் பக்கம் வந்ததே இல்லையே. வழி எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

சுடுகாட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். வேலியை ஒட்டி ஓடை, பிறகு கருவேலங்காடு, பிறகு கல்லுக்குழி. போனில் அளந்தேன்: 2.5 கிலோமீட்டர், 41 நிமிடம். சுடுகாட்டுக்கு எதிரிலேயே எங்கள் தோட்டத்துக் கேட்; பெரியப்பா உள்ளே இருந்ததால் அன்று பூட்டவில்லை. திறந்து குறுக்கே நடந்தால் காலனி 310 மீட்டர், நான்கு நிமிடம். பாண்டியம்மாள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போங்க தம்பி. நான் கால வச்சா சாயங்காலம் என் மகன் ஸ்டேசன்ல நிக்கணும்." கேட்டைக் காட்டிச் சொன்னார்: "உங்க தாத்தா செத்தன்னைக்கு இது தெறந்துதான் கெடந்துச்சு. ஏழு ஊருக்கு இழவு சொல்ல எங்க வீட்டுக்காரரு இதுவழியாத்தான் ஓடுனாரு. அவரு பொணமா வரையில பூட்டிட்டாக."

பாதை கேட்டு மூன்று மனு போட்டிருக்கிறார்கள். அளக்க வந்த சர்வேயர் பெரியப்பா வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டு, சங்கிலியைக்கூட விரிக்காமல் போய்விட்டாராம். வந்த பதில்: பட்டா நிலம், பாதை இல்லை.

மோட்டார் ரூம் வாசலில் பெரியப்பாவைப் பிடித்தேன்.

"வரப்போரமா பத்தடி விடுங்க பெரியப்பா."

"பாதைன்னு விட்டா நாளைக்குப் பட்டா கேப்பாய்ங்கடா."

"தலைமுறை தலைமுறையா இந்தக் காட்ட உழுதது யாரு?"

"அவிங்களுக்குச் சோறு போட்டது யாரு? வந்துட்டான், ப்ளாக்கு எழுதுற பய. மீன்கொழம்பு வச்சிருக்கு, தின்னுட்டுப் போ."

தின்னவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வேலி இருக்கும். போவதென்றால் மழைக்காலத்தில் போங்கள். கோடையில் எந்த ஓடையும் சாதுவாகத்தான் தெரியும். முதலில் காலனிக்குப் போங்கள், சொந்தக்காரர் வீடு அப்புறம். மன்னிப்புக் கேட்டு அழாதீர்கள். நான் தொடங்கினேன். பாண்டியம்மாள் கையமர்த்தினார்: "அழுகைய வீட்ல வச்சுக்கங்க தம்பி. சாவியக் கொண்டாங்க."

கிளம்புமுன் பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறதென்று ஆன்லைனில் பாருங்கள். நான் திரும்பி வந்துதான் பார்த்தேன். பெரியப்பா பெயருக்குக் கீழே என் அப்பாவின் பெயர். வீடு வாடகைக்கு விடும்போது சாதி கேட்பதில்லை என்று பெருமைப்படுகிறவர்.

இந்தப் பதிவை முதலில் அவரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் தந்தார்.

அப்பா, உங்கள் பங்கில் பாதைக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். என்றைக்குப் போடுவீர்கள்?