சம்பந்தி பல்லுக்கு ஒரு துளி

அனார்கானுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. நோகாட்டில் யாருக்குத்தான் வரும்? ரொட்டித் துணுக்கு கீழே விழுந்தால்கூட எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற ஊர். ஆனால் பல் மருத்துவமனையில் பல் அடைக்கிற சிமெண்ட் கலக்குகிறவளுக்கு அந்தக் குணம் ஆகாது. அங்கே கருவிகளைக் கொதிக்க வைக்கிற எனக்கே அது தெரியும்.

சின்ன வயசில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே கலவை வேலையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிப் பலகையில் பொடியைக் குவித்து, பக்கத்தில் திரவத்தைச் சொட்டி, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விட்டுத் தேய்ப்பாள். கரண்டியைத் தூக்கினால் கலவை நூலாக இழுக்கக் கூடாது. அறுந்து, சின்ன முட்களாக நிற்க வேண்டும். அதுதான் பதம். இறுகிவிட்டால் வழித்துப் போட்டுவிட்டு வேறு கலக்க வேண்டும். ரொட்டி மாவுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி திரவம் விட்டு இளக்கினால் பார்க்க நன்றாக இருக்கும். பல்லில் நிற்காது.

மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் அப்பா ஷெர்மாத் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நல்ல வெயில், கலவை சீக்கிரம் இறுகும். மனுஷனுக்கோ வாய் ஓயவில்லை.

“சம்பந்தியம்மா, பொண்ணையும் குடுத்து பல்லையும் சரி பண்ணிக் குடுக்கறீங்க. நான் குடுத்து வச்சவன்!”

“கொஞ்சம் வாயைத் திறங்க, அண்ணே.”

“திறந்துதானே இருக்கு? பொறந்ததுலேருந்து இது மூடினதே இல்லன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா.”

டாக்டர் தாலாய்பெக் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். பலகையில் கலவை இறுகிவிட்டது. சம்பந்தி கண்ணெதிரே வழித்துக் குப்பையில் போட்டால் என்ன நினைப்பார்? வேலை தெரியாதவள், வீணடிக்கிறவள் என்று வீட்டில் போய்ச் சொன்னால்? மகள் வாழப் போகிற வீடாயிற்றே. அனார்கான் ஒரு துளி விட்டாள். கலவை பளபளவென்று இளகியது. டாக்டர் வாங்கி அடைத்துவிட்டார்.

கல்யாண விருந்துக்கு டாக்டரும் வந்திருந்தார். சம்பந்திக்கு மரியாதையாகக் கறியோடு தொடை எலும்பை வைத்தார்கள். இரண்டாவது கடியிலேயே அவர் வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“டாக்டரே, இது சிமெண்டா? எங்க வீட்டுக் காய்ஞ்ச தயிர் உருண்டை இதைவிடக் கெட்டியா இருக்குமே!”

பந்தியே அதிர்ந்து சிரித்தது. டாக்டர் காது வரைக்கும் சிவந்து போனார். “என் கைதான் சரியில்ல. மறுபடி வாங்க, அடைச்சுத் தர்றேன்” என்றார். வாசற்படியில் தேநீர்ப் பாத்திரத்தோடு நின்ற அனார்கானுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றிலிருந்து கடைத்தெரு முழுக்க அவருக்குத் ‘தயிர் டாக்டர்’ என்று பெயர். அனார்கான் அதைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். யாரும் சொல்லாமலே டாக்டரின் அறையைக் கூட்டித் துடைக்க ஆரம்பித்தாள்.

“என்னடி, சம்பந்தி விருந்து இன்னும் செரிக்கலையா?” என்று கேட்டேன். துணியைப் பிழிந்து மறுபடி தரையைத் துடைத்தாள்.

ஷெர்மாத் திரும்பவும் வந்தார். வாயில் பஞ்சை வைப்பதற்குள் ஆயிரம் பேச்சு. கலவை மறுபடியும் இறுகியது. இந்த முறை அனார்கான் அவர் பார்க்கப் பார்க்க அதை வழித்துக் குப்பையில் போட்டாள்.

“டாக்டர், அன்னைக்கும் இதைத்தான் செஞ்சிருக்கணும். இறுகிப் போனதுல துளி விட்டுக் குடுத்தேன். உங்க கையில தப்பில்ல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

டாக்டர் திரும்பவில்லை.

“தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“கருவியில நூலா ஒட்டிக்கிட்டு வந்துச்சே, தெரியாம இருக்குமா? உங்க சம்பந்திக்கு முன்னாடி ‘மறுபடி கலக்குங்க’ன்னு சொல்ல எனக்குத்தான் வெட்கமாப் போச்சு.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தெரிந்தே அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கடைத்தெருவில் நடந்திருக்கிறார் மனுஷன்.

ஷெர்மாத் பஞ்சு அடைத்த வாயோடு ஏதோ சொல்லப் பார்த்தார். “பேசாதீங்க” என்றார் டாக்டர். அவரும் பேசவில்லை.

அனார்கான் புதிதாகப் பொடியைக் குவித்தாள். கண் நிறைந்துவிட்டது. பலகையில் ஒரு துளியும் விழக் கூடாதென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே கலக்கினாள்.