வீட்டில் வைஃபை, தீர்வதோ டேட்டா

கைப்பேசிக் கடைக்கு உடைந்த கண்ணாடியோடு வருகிறவர்கள் சாந்தமாக இருப்பார்கள். ஒன்றுமே உடையாமல் வருகிறவர்கள்தான் கோபமாக வருவார்கள். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஈப்போவில் ரவி நடத்தும் கடையில் நான் முகப்பில் உட்கார்கிறேன். உடைந்ததை ரவி பார்த்துக்கொள்வான். உடையாதவை என்னிடம் வரும். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: வீட்டில் வைஃபை இருக்கிறது, ஆனாலும் டேட்டா தீர்ந்துபோகிறது. உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை.

யார் தின்றது?

பாக்கியம் கோப்பெங் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். மூடிப்போன ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மிச்சமிருக்கும் வீடு அவருடையது. இடியாப்பம் பிழிந்து விற்கிறார். தொழிற்சாலை ஹாஸ்டல் ஒன்றுதான் பெரிய வாடிக்கை. மறுநாளைக்கு இத்தனை வேண்டும், முடியுமா என்று ஹாஸ்டல் மேனேஜர் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கேட்பார். ஏழு மணிக்குள் பதில் போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. பாக்கியம் மாவு வாங்க டவுனுக்குப் போன நேரத்தில் டேட்டா தீர்ந்துபோய், இரண்டு முறை அப்படிக் கைநழுவிவிட்டது. இன்னொரு முறை என்றால் ஆளையே மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

போனை வாங்கிப் பார்த்தேன். வைஃபை பலவீனமானால் தானாகவே டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி திறந்திருந்தது. மேலே வைஃபை குறி தெரியும். உள்ளே டேட்டா ஓடும். அதை மூடிவிட்டுக் காட்டினேன். பாக்கியம் போனை முறைத்துப் பார்த்தார்.

“இதுக்கு வைஃபைகிட்டயும் நல்ல பேரு, டேட்டாகிட்டயும் நல்ல பேரு. இடையில நான்தான் லா ஏமாளி!”

டேட்டா பத்திரம்

அடுத்த வாரமே திரும்பி வந்தார். போனை வாங்கிப் பார்த்தால் டேட்டா அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாராம். போன் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஆனால் மேனேஜர் அனுப்பிய தகவல் இரவு படுக்கப்போகும்போதுதான் வந்து விழுந்திருக்கிறது. போன் போட்டுக் கெஞ்சியதில், இதுதான் கடைசி என்று சொல்லி மேனேஜர் மன்னித்திருக்கிறார்.

மூடியதை மறுபடி திறந்துவிடலாம் என்றான் ரவி. திறந்தால் டேட்டா பழையபடி தீரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று மெல்லச் சொன்னேன். பேசிச் சமாளிக்கிற ஆள் நானில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி பாக்கியம் கேட்டார்:

“டேட்டா பத்திரமா இருக்கு, ஆர்டருதான் வரல. அந்த டேட்டாவை நான் பிழிஞ்சு விக்கவா, அண்ணே?”

தகரத்துக்கு அந்தப் பக்கம்

ஞாயிறு சாயங்காலம் போனேன்; முன்னறை பலகைச் சுவர். சமையலறை பின்னால் சேர்த்துக் கட்டியது. கூரையும் தகரம், சுவரும் தகரம். வைஃபை பெட்டி முன்னறைச் சாமி மேடையில், முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவே, குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. போனைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். முன்னறையில் குறி முழுசாக இருந்தது. சமையலறை வாசற்படியைத் தாண்டியதும் ஒரே ஒரு கோடு. தகரம் வைஃபையை மறிக்கிறது; நான் மூடிவிட்டதால் போன் டேட்டாவுக்கும் மாறுவதில்லை.

பெட்டியை அடுப்படிப் பக்கம் மாற்றலாமே என்றேன்.

“சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடி மகன் சூடம் காட்டி வெச்சது அண்ணே. அவன் திரும்பி வந்து எடுக்கட்டும். நான் தொட மாட்டேன்.”

பெற்ற மனசு. மணி ஆறே முக்காலாகிவிட்டது. மேனேஜரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பாக்கியம் மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய போனை எடுத்துக்கொண்டு சாமி மேடைக்கு எதிரே போய் நின்றேன். உடனே போனில் மணி அடித்தது. “நாளைக்கு நூற்றைம்பது, முடியுமா?” அனுப்பி அரைமணி ஆகியிருந்தது.

பாக்கியம் மாவுக் கையோடு ஓடி வந்தார். திரையெல்லாம் மாவாக, ‘முடியும்’ என்று அனுப்பினார். அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரல் படம் வந்த பிறகுதான் மூச்சு விட்டார். அப்புறம் பாயையும் மாவுச் சட்டியையும் இடியாப்ப உரலையும் முன்னறைக்குக் கொண்டுவந்து, சாமிக்கு எதிரே உட்கார்ந்து பிழியத் தொடங்கினார். அவிக்க மட்டும் எழுந்து போனார். போனைக் குத்துவிளக்கில் சாய்த்து வைத்துவிட்டு மேடையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

“எனக்கு வந்த தகவலையெல்லாம் வாங்கி மடியில வெச்சிக்கிட்டு, இவ வந்து கும்பிடட்டும்னு இருந்திருக்கு பாருங்க லா, சாமி!”

அன்றிலிருந்து டேட்டா தீர்கிறது என்று யார் வந்தாலும், போனைக் கையில் வாங்குவதற்கு முன்னால் உங்கள் சமையலறைச் சுவர் பலகையா தகரமா என்று கேட்கிறேன். வீடு வாங்க வந்த புரோக்கரைப் பார்ப்பதுபோல்தான் என்னைப் பார்க்கிறார்கள்.