பழசு யாருடையது

என் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை யாரும் என்னிடம் வந்து குறையாகச் சொல்ல வேண்டாம், நானும் அப்படித்தான். அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஆனால் அதற்காக நாங்கள் திருந்திவிடவில்லை. அவர்கள் கீழ்வீட்டில், நான் மேல்வீட்டில்.

அண்ணி பதினோரு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். அந்த வண்டியில் இரண்டு பிரேக். ஒன்று படிக்கிறவர் காலடியில், இன்னொன்று அண்ணி காலடியில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், படிக்க வந்த ஒரு பெண் யார் வீட்டுக் கேட்டிலோ போய் இடித்துவிட்டாள். செலவை அந்தப் பெண்ணின் தலையில் கட்டப் பார்த்தார் முதலாளி. அண்ணி விடவில்லை. "எனக்கும்தான் ஒரு பிரேக் இருந்துச்சு. நான் மிதிக்கல. என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க" என்றார். முதலாளிக்கு வலிக்குமா? ஒழுங்காகப் பிடித்துக்கொண்டார். அன்று பிடித்த பைத்தியம் அண்ணியை இன்றுவரை விடவில்லை. பக்கத்தில் இருந்தவன் தடுத்திருக்க வேண்டும், தடுக்காவிட்டால் பணம் கொடுக்க வேண்டும். இதுதான் அவர் சட்டம்.

அந்த முதலாளியிடமிருந்து விடுபட அண்ணி நான்கு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நாற்பத்தைந்தாயிரம் சேர்த்தார். ஒரு பல் டாக்டரின் பழைய காருக்கு முன்பணம் அது. டாக்டருக்குப் புது வண்டி வந்ததும் பழையது அண்ணிக்கு என்று பேச்சு. இன்னொரு பிரேக் வைத்துக்கொடுக்க மெக்கானிக்கையும் பார்த்தாயிற்று. பிறகு சொந்த வண்டி, சொந்த போர்டு. அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த டாக்டர் வீட்டு வழியாகவே காய்கறி வாங்கப் போவார். மார்க்கெட் இருப்பது எதிர்த்திசையில்.

அண்ணன் மகளுக்குப் பதினாறு வயது. அவளும் அவள் சிநேகிதியும் சேர்ந்து நடந்தால் பள்ளிக்கூடமே சிரிக்கும். இவள் குட்டை, அவள் நெட்டை. பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை நெட்டையின் அறையில் இரண்டும் படித்துக்கொண்டிருந்தன. லேப்டாப் கதவோரத்து மேசையில். நெட்டை சார்ஜர் வயரைக் கட்டிலுக்குப் பின்னாலிருந்து வாசலுக்குக் குறுக்கே இழுத்துச் சொருகியிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்த குட்டையின் கால் வயரில் மாட்டியது. லேப்டாப் தரையில் விழுந்து திரை நொறுங்கியது.

நான்காம் நாள் நெட்டையின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். குழாயும் வாஷ்பேசினும் விற்கும் பெரிய கடை அவருடையது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"எங்க வீட்டுல பொருளு சும்மா வரல மேடம். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தர்றீங்க. உங்க பொண்ணுக்குப் பாத்து நடக்கச் சொல்லித் தரலையா?"

"மூணு வருஷத்துக்கு முந்தி வாங்கின லேப்டாப்தானே சார்? ரிப்பேர் பண்ணிடலாம்" என்றார் அண்ணன்.

"உடைஞ்சதை ஒட்டவச்சா என் பொண்ணு படிக்கணும்? புதுசு நாப்பத்திரண்டாயிரம். வக்கில்லன்னா சொல்லுங்க, நான் போயிடுறேன்."

குட்டை முன்னால் வந்தாள். "அங்கிள், அதை நாங்களே…"

"நீ வாயை மூடு" என்றார் அண்ணி. அந்த 'வக்கில்ல' அவரை எங்கோ போய்க் குத்திவிட்டது. முகமெல்லாம் சிவந்து போயிருந்தது. "நாளைக்கு மத்தியானம் உங்க கடையில பணம் இருக்கும். கிளம்புங்க."

அவர் போனதும் வீட்டில் பூகம்பம்தான். "அவ என்ன உன் காரையா ஓட்டினா? நீ அங்க இருந்தியா? எதுக்கு முழுசா குடுக்கணும்?" என்று அண்ணன் கத்தினார். "என் பொண்ணு. நான்தான் குடுக்கணும்" என்று அண்ணி கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை, பாதி கொடுத்தால் போதும் என்று மாடிப்படியில் நின்று கத்தினேன். மூன்று பேர் கத்தினோம். உடைத்தவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கார் முன்பணத்திலிருந்து எடுத்த நாற்பத்திரண்டாயிரம் போய்ச் சேர்ந்த அன்று மாலைதான் குட்டை வாயைத் திறந்தாள். உடைந்த மறுநாளே இரண்டு பேரும் லேப்டாப்பை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரை மாற்ற ஏழாயிரம். வயரைக் குறுக்கே போட்டவள் பாதி, பார்க்காமல் நடந்தவள் பாதி. இரண்டு பேருமே சேமிப்பிலிருந்து தருவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். அதற்குள் நெட்டையின் அப்பா பார்த்துவிட்டார்.

"அதைச் சொல்லத்தானே வந்தேன்? வாயை மூடுன்னே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "இப்ப அவங்கப்பா அவளை என்கூடப் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். கிளாஸ்ல இடமும் மாத்தி உக்காந்துட்டா."

அண்ணி டாக்டருக்கு போன் செய்து முன்பணத்துக்குக் கொஞ்சம் தவணை கேட்டார். புது வண்டி வர இன்னும் ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை பார்க்கலாம் என்றார் டாக்டர். அண்ணி ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்.

ஐந்து வாரம் போனது. அந்தக் குழாய்க்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றுதான் நான் இருந்தேன். ஆனால் என் குளியலறைக் குழாயின் உள்பாகம் வேறெங்கும் கிடைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பில் போடும் மேசையில் ஒரு லேப்டாப். மூடியின் மேல் ஒரு குட்டைப் பூனையும் நெட்டைப் பூனையும். என் மருமகள் வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர்! எத்தனையோ நாள் எங்கள் வீட்டு ஊஞ்சலில் கிடந்த அதே லேப்டாப்! திரை பளபளவென்று இருந்தது.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வெளியே போய் அண்ணிக்கு போன் செய்தேன்.

பத்தே நிமிடத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து கடை வாசலில் குறுக்காக நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நடுத்தர வயது மனிதருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "இங்கயே நில்லுங்க. யார் ஹாரன் அடிச்சாலும் நகராதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு அண்ணி இறங்கினார்.

"சார், இது எப்படி ஓடுது?"

கடைக்காரர் லேப்டாப்பைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சமாளித்தார். "சும்மா கிடந்துச்சு. திரையை மாத்தி பில் போட வச்சிருக்கேன். அதுக்கென்ன?"

"புதுசும் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு. வீட்டுல இருக்கு."

"ரெண்டுல எது என்னுது?"

"என்ன மேடம் கேக்குறீங்க?"

"முழு விலையும் நான் குடுத்தேன். புதுசு என்னுதா, பழசு என்னுதா? ரெண்டும் உங்களுதுன்னா நான் எதுக்கு சார் காசு குடுத்தேன்? உங்க கடைக்கு பில் மெஷின் வாங்கித் தரவா?"

வாஷ்பேசின் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தது. "வியாபார நேரத்துல வந்து கலாட்டா பண்ணாதீங்க" என்றார் அவர். "நான் வியாபாரம்தான் பேசுறேன்" என்றார் அண்ணி. "நாலு பேர் எதிர்ல என் மானத்தை வாங்குறீங்க" என்றார் அவர். "எங்க வாசல்ல நின்னப்ப எத்தனை பேர் கேட்டாங்கன்னு எண்ணினீங்களா?" என்றேன் நான். மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த குழாயை ஆட்டி ஆட்டிப் பேசினேன் போலிருக்கிறது, கடைப் பையன் ஒருவன் மெல்ல வந்து அதை வாங்கிக்கொண்டான்.

அப்போது பள்ளிப்பையோடு நெட்டை உள்ளே வந்தாள். "நீ வீட்டுக்குப் போ" என்றார் அப்பா. அவள் போகவில்லை.

"ஏழாயிரம்தான்ப்பா ஆச்சு. வயரை நான்தான் குறுக்கே போட்டேன்னு அன்னைக்கே சொன்னேன். பாதி நான் தர்றேன்னு அவகிட்ட பேசியாச்சு. நீங்க காதுல வாங்கவே இல்ல."

அவர் கையை ஓங்கினார். வாஷ்பேசின் குடும்பத்துப் பெரியவர் "ஐயோ, விடுங்க சார்" என்றார். ஓங்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் கல்லாவைத் திறந்தது. மூவாயிரத்து ஐந்நூறு போக மீதியை மேசையில் விசிறினார். அண்ணி ஒவ்வொரு தாளாக எடுத்து எண்ணினார். எனக்கு அந்த ஆளை நாலு சாத்து சாத்தினால் தேவலாம் போலிருந்தது. வெளியே தெருவே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

கடைப் படியில் நின்றபடியே அண்ணி டாக்டருக்கு போன் செய்தார். "பணம் ரெடியா இருக்கு டாக்டர்" என்றார். பிறகு "ஓ" என்றார். பிறகு "பரவாயில்ல டாக்டர்" என்றார். புது வண்டி முன்னதாகவே வந்துவிட்டதாம். பழையதை ஞாயிற்றுக்கிழமைதான் யாரோ எடுத்துக்கொண்டு போனார்களாம். பாவி மனிதர், ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பணத்தை மகள் முன்னால் வைத்தார். "கார் போயிடுச்சு" என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் கோபம் போகவில்லை. "அந்தாள் மேல இருக்கிற ஆத்திரத்தைவிட எனக்கு என் மேலதான்டி ஆத்திரம். அன்னைக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"இப்பக் கேளு" என்றாள் குட்டை.

"என்னத்தைக் கேக்குறது?"

"யார் காசு குடுக்கணும்னு கேளும்மா."

"யாருடி குடுக்கணும்?"

குட்டை உள்ளே போய்த் தன் சேமிப்பிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறைக் கொண்டுவந்து, மேசையிலிருந்த கட்டின் மேல் வைத்தாள்.

"நானும் அவளும். உனக்கு இதுல வேலையே இல்லம்மா."