மிளகுக்காக விட்டுவைத்த மரம்

மேனேஜர் சார், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டின் மேல் மரம் விழுந்ததை இயற்கைச் சீற்றம் என்று அறிக்கையில் எழுதச் சொன்னது நீங்கள். எழுதிய எஸ்டேட் ரைட்டர் நான்.

புயலுக்கு இரண்டு நாள் முன்பே தொழிலாளி சின்னப்பொண்ணு என்னிடம் வந்தாள். "ஏனுங்க ரைட்டரே, ஊட்டு மேல சாஞ்சிருக்கற சில்வர் ஓக்க வெட்டி உடுங்க. காத்து நொம்ப அடிக்குமாமுங்க."

அந்த மரத்தில் மிளகுக் கொடி காய்த்துக் கிடந்தது. பறிக்கும்வரை மரத்தைத் தொடக் கூடாது என்பது உங்கள் உத்தரவு. "புயல் கடலோரத்துக்குத்தான். ஏற்காட்டுக்கு பஸ் ஏறியா வரும்?" என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

புயலில் மரம் சாய்ந்து கூரையையும் அவள் காலையும் சேர்த்து நசுக்கியது. ஜீப்பில் தூக்கி வைத்தபோது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பஸ் ஏறி வந்துருச்சுங்க, ரைட்டரே."

அந்தக் காலை இனி அவளால் ஊன்ற முடியாது. சம்பள நாளில் அறிக்கையில் நான் எழுதிய பொய்யை எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். மரத்தை ஏன் வெட்ட விடவில்லை என்று நீங்களும் அங்கேயே பதில் சொல்லுங்கள்.