பூனைக்கு வெட்டிய மடவை

வசந்தாக்கா இறந்துவிட்டார். நேற்று காலை. நெஞ்சு வலி... பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

எனக்கு இன்றுதான் தெரியும். அடக்கமும் முடிந்துவிட்டது.

பழவேற்காடு பக்கம் பூனைகளுக்கு மீன் தீனி செய்யும் ஒரு சின்ன யூனிட் இருந்தது. எம்.ஏ. முடித்து வேறு எதுவும் கிடைக்காத வருடம், நான் அங்கே பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டினேன். அக்கா மீன் வெட்டினார்.

போன் செய்தது அவர் மகள் ரேவதி.

"அண்ணா, பூனைத் தீனி தின்னுதான் அம்மா செத்துச்சுன்னு ஊர்ல பேசிக்கிறாங்கண்ணா. சாவுக்கு வந்தவங்களே என்னாண்ட கேக்குறாங்க. அப்பிடி ஆவுமா? எதுனா எழுதுங்கண்ணா... நம்ம ஊரு பசங்க எல்லாம் உங்க பேஸ்புக்ல கீறாங்க இல்ல."

அதற்குத்தான் இந்தப் பதிவு.

ஆமாம், அக்கா சாப்பிட்டார். மறைக்க ஒன்றுமில்லை. அவரே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவருக்கு பிரஷர் இருந்தது. கருவாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். காலையில் கஞ்சியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாராம். பசி இருக்கும், கை போகாது.

அவருக்குப் பிடித்தது மடவை. ஏரி மீன், நல்ல சதை. உப்புப் போடாமல் வெயிலில் வைத்தால் புழு வைத்துவிடும். உப்பில்லாத மடவைக் கருவாடு என்று ஒன்று இருக்க முடியாது என்றுதான் அக்கா நினைத்திருந்தார்.

எங்கள் யூனிட்டில் இருந்தது. பூனைக்கு உப்பு ஆகாது என்பதால் மடவையைத் துண்டு போட்டு, மெஷினில், வெறும் சூடான காற்றில் காயவைத்தார்கள்.

முதல் தட்டு வெளியே வந்தபோது அக்கா ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்தார்.

"இன்னா நைனா இது... கருவாடு தான். ஆனா உப்பே இல்ல."

ரொம்ப நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் வலை இழுக்கக் கை கொடுத்தவருக்குக் குழம்புக்கு ஒரு கை மீன் உண்டு. யாரும் கேட்பதில்லை. எடுத்துக்கொள்வதுதான். அன்று சாயங்காலம் தட்டில் உடைந்து கிடந்த துண்டுகளை ஒரு கை அள்ளி, எல்லோர் முன்னாலும் முந்தானையில் முடிந்துகொண்டார் அக்கா.

சூப்பர்வைசர் சென்னைக்காரர். பதறிவிட்டார். "அக்கா, அது பூனைக்கு!"

"பூனைக்கு இன்னாத்துக்கு சார் கொழம்பு மீனு? அதுவா வந்து வெட்டுச்சு?"

சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துப் போவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நாந்தான் கழுவுனேன், நாந்தான் வெட்டுனேன். அது வரைக்கும் மடவ. அப்பால எங்க பூனையுது ஆவுது? அந்த எடத்த காட்டு."

காட்ட முயன்றேன். வெட்டும் மேசை... மெஷின்... எண்ணெயும் சத்துப் பவுடரும் தூவுகிற ரூம்... கடைசியில் என் மேசை, பூனை படம் போட்ட லேபிள். எந்த இடம்?

போனில் தேடிப் படித்தேன். கிடைத்ததை அவரிடம் சொன்னேன். ஊரில் கேட்பவர்களுக்கும் அதுவேதான் பதில்.

பூனைத் தீனி விஷம் இல்லை. ஒரு வாய் தின்றுவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் சத்துக் கணக்கு பூனை உடம்புக்குப் போட்டது. மனிதர் சாப்பாட்டுக்கு உள்ள சுத்தம் அதற்குப் பார்க்க மாட்டார்கள், கிருமி இருக்கலாம். சாப்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது.

"பவுடர் ரூமுக்கு முன்னாடி எடுத்தா?"

நான் படித்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை.

"சரி வுடு. கழுவிட்டு நல்லா கொதிக்க வெக்கிறேன்."

மறுநாள் கேட்டேன். எப்படி இருந்தது?

"புளி கரைச்சு வுட்டு, மாங்கா போட்டேன். கொதிக்க சொல்லோ அந்த வாசன வந்துச்சு பாரு... பக்கத்து ஊட்ல எட்டிப் பாத்துட்டாங்க. வாய்ல வெச்சா ரப்பரு. ஆனா வாசன வந்துச்சு நைனா."

"வீட்டுப் பூனைக்குப் போட்டீங்களா?"

"போட்டேனே. மோந்து பாத்துட்டுப் பூட்சு. அதுக்குப் பச்ச மீனுதான் வோணுமாம். தொர!"

அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு கை எடுத்துப் போனார். வாசனைக்கு.

யூனிட்டை மூடி வருடக்கணக்காகிறது. அதன் பிறகு உப்பில்லாத மடவை அவருக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால்... காரணம் அது இல்லை. டாக்டர் சொன்னது நெஞ்சு. தயவுசெய்து ரேவதியிடம் போய் மறுபடி கேட்காதீர்கள்.

போனை வைக்கும் முன் அவள் இன்னொன்று கேட்டாள்.

"படையல்ல மடவக் கருவாடு வெக்கணும்ணா. அம்மாக்கு அது மேல உசுரு. உப்பு போட்டதே வெக்கலாம் இல்ல? இனிமே ஒண்ணும் பண்ணாதுல்ல?"

வை என்றேன்.

அக்கா... உப்புப் பார்த்துச் சொல்லுங்க.