வெளுக்காத அரக்குச் சேலை

கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்குச் சேலை கட்டிவிடுகிறவளுக்குத் தெருவில் போகிற அத்தனை பேரும் முதலாளிகள். எழுபதுகளின் தொடக்கத்தில், திருவள்ளூரில் கோயில் குளத்துக்குப் போகும் தெருவில் இருந்த ஒரு ஜவுளிக்கடையில் மூன்று வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன். பி.ஏ. முடித்துவிட்டு பில் போட வந்தவளை, கோலம் நன்றாகப் போடுவேன் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதலாளி கண்ணாடிக்குள் தள்ளிவிட்டார். நாலு பேர் பார்த்தாலே ஊசியை இடம் மாற்றிக் குத்திவிடுவேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தெருவுக்கு முதுகு காட்டி நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கை இல்லாதவள்

எங்களிடம் இருந்தது ஒரே பொம்மை. மதராஸில் ஒரு கடை கழித்துப் போட்டது. இடது முழங்கைக்குக் கீழே ஒன்றும் கிடையாது. முந்தானையை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு மறைப்பேன். அலங்காரத்துக்கென்று தனியாகப் பணம் தரமாட்டார்கள். சேலைப் பெட்டியின் அட்டையில் தாமரை வெட்டி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பூசுவேன்.

ஒரு நாள் முந்தானை நழுவிக் கை இல்லாதது தெரிந்துவிட்டது. நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைக்க வந்த ஓர் அம்மாள் கண்ணாடியில் மூக்கு பதிய நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "பாவம்மா. கையும் இல்லாம, நாள் பூரா நிக்க வச்சிருக்கியே. ஒரு முக்காலி போட்டு உக்கார வையேன்."

வெளுத்தால் பாதி விலை

கடை மேற்குப் பார்த்தது. மத்தியான வெயில் நேராகக் கண்ணாடியில் விழும். ஒரு மாதம் கட்டியிருந்த சேலையின் கொசுவத்தில் வெளிறிய கோடுகள் விழுந்துவிடும். அதற்குக் 'கண்ணாடிச் சேலை' என்று பெயர். பாதி விலைக்குத் தள்ளிவிடுவோம். ஊருக்கே இது தெரியும். வெளுக்கட்டும் என்று காத்திருந்து வாங்குகிற பெண்கள் இருந்தார்கள்.

அன்னம்மா அப்படித்தான் வந்தாள். அரிசி மில்லில் நெல் காயவைப்பவள். மகள் ரோஸிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனியில் வேலை. நான் ஆனியில் கட்டி வைத்த அரக்குப் பட்டு அவள் கண்ணில் பட்டுவிட்டது. முழு விலை கொடுத்து அதை வாங்க அவளால் முடியாது. சனிக்கிழமைதோறும் மில்லிலிருந்து வந்து, காலில் உமியோடு கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். பொம்மையைக் காட்டி ஒரு நாள் சிரித்தாள்: "இந்த வெயில் இப்டியே அடிச்சா, இன்னும் ரெண்டு வாரத்துல இவ எங்க ஊட்டுக்கு வந்துடுவாம்மா."

மஞ்சள் தாள்

அதற்கு மறுநாளே முதலாளி என்னைக் கூப்பிட்டார். அந்த வருஷம் வெளுத்த சேலைகள் அதிகம். "படிச்ச பொண்ணுதானே, ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்றார். மதராஸ் கடைகளில் வெயில் நேரத்தில் மஞ்சள் தாள் தொங்கவிடுவதைப் பார்த்திருந்தேன். பரிசுப் பொருள் சுற்றும் கண்ணாடித்தாளை வாங்கி, துண்டுகளை ஒட்டி, மத்தியானம் இறக்கிச் சாயங்காலம் ஏற்ற நூல் கோத்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொசுவத்தைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு கோடுகூட இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அன்னம்மாவின் நினைவும் வந்தது. அதை நான் அப்போதைக்குத் தள்ளி வைத்தேன். நான் படித்தவள் என்பதால் டீச்சரம்மா என்றே கூப்பிடும், விற்பனை பார்க்கும் வரதன் எட்டிப் பார்த்தார்: "சூரியனையே ஏமாத்திட்டீங்களே டீச்சரம்மா!"

ஆடி அமாவாசை

அன்று குளத்துக்கு வந்த கூட்டத்தில், எளாவூரில் லாரி வைத்திருக்கும் ஒரு குடும்பம் கடைக்குள் வந்தது. பொம்மை கட்டியிருக்கிற அந்தச் சேலைதான் வேண்டுமாம். "கழட்டிக் குடும்மா," என்றார் முதலாளி. இதற்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். வாயில் ஊசி இருந்தது; அதை எடுத்துவிட்டு, சேலையைக் கழற்றத் தொடங்கினேன். முழு விலைக்குப் போயிற்று. அந்த வீட்டு அம்மாள் கொசுவத்தை விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள்: "வெயில்ல நின்ன சேலன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இப்பத்தான் பெட்டிய பிரிச்சாப்புல இருக்குது."

மூன்று நாள் வெயில்

சனிக்கிழமை அன்னம்மா வந்தாள். பொம்மையின் மேல் பச்சைச் சேலை. முதல் தடவையாகக் கடைக்குள் ஏறி, "வித்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவள் போன பிறகு, அலமாரியில் இருந்த இன்னொரு அரக்குப் பட்டை எடுத்துக் கட்டினேன். மத்தியானத்தில் தாளை இறக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது; அதற்குள் கொஞ்சமாவது வெளுத்துவிடாதா? நாலாம் நாள் முதலாளி தாமே வந்து நூலை இழுத்துத் தாளை இறக்கினார். கோபம்கூட இல்லை. "மறந்துட்டியாம்மா?" என்றார். நான், "ஆமாம்," என்றேன்.

கல்யாணம் முடிந்து அன்னம்மா அந்தப் பக்கம் வந்தபோது நானே வாசலுக்கு ஓடினேன். ரோஸிக்குப் பக்கத்து வீட்டில் பட்டுச் சேலை இரவல் வாங்கிக் கட்டினார்களாம். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரி வந்து, எல்லோர் முன்னாலும் சேலையைத் திருப்பிக் கேட்டாளாம். தாளைப் பற்றி நானே அவளிடம் சொன்னேன். அவள் கண்ணாடியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன்ன இன்னாத்துக்கு கோச்சிக்கணும்? நீ உன் வேலய நல்லா செஞ்ச. நீ நல்லா செஞ்சா, எங்களுக்கு எப்டிம்மா வெளுக்கும்?"

அந்தக் கடையில் நான் செய்தவற்றில் பழுதே இல்லாமல் அமைந்தது அந்த மஞ்சள் தாள் ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.